ஹைட்டியை யார் கேட்டது?

ஐக்கிய நாடுகள் சபை அந்தச் சனிக்கிழமை கேளம்பாக்கம் தாண்டிக் கூடியது. நியூயார்க்கில் கூடும் சபையைவிட இங்கே ஏ.சி. கொஞ்சம் ஜாஸ்தி.

நிஜச் சபை இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொண்டு, சித்திரை வெயிலில் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, அந்த நாட்டின் பிரதிநிதியாகப் பேசித் தீர்மானம் போட்டு, ஓட்டெடுத்து, சாயங்காலம் கோப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் போட்டி அது. தாம்பரத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை வரைக்கும் இப்போது இந்தக் காய்ச்சல் பரவிக் கிடக்கிறது. முன்பெல்லாம் பிள்ளை பாட்டுப் பாடினால் போதும் என்றிருந்த பெற்றோர்கள் இப்போது பிள்ளை பாலஸ்தீனப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டு வரவேண்டும் என்கிறார்கள்.

மிருதுளா சேலையூரில் ஒரு நடுத்தரப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவள். மூக்கு நுனியில் கோபம். அவளுக்குக் கிடைத்த நாடு ஹைட்டி. கிடைத்தது என்றுதான் சொல்லவேண்டும், அவள் கேட்கவில்லை. போட்டியை நடத்தும் பெரிய பள்ளியின் பிள்ளைகள் முதலில் அமெரிக்கா, சீனா, ரஷ்யாவை எடுத்துக்கொண்டார்கள். அடுத்து, பழைய மகாபலிபுரம் சாலைப் பணக்காரப் பள்ளிகள் ஐரோப்பாவைப் பங்கு போட்டுக்கொண்டன. மிச்சம் மீதி, சேலையூருக்கு வந்து சேர்ந்தது. பந்திக்கு முந்து என்பார்கள். முந்தினாலும், பரிமாறுகிறவர் நமக்கு வேண்டியவராக இருந்தால்தான் அப்பளம்.

ஹைட்டி எங்கே இருக்கிறது என்றே அவளுக்கு முதலில் தெரியாது. தேடிப் படித்தபோது, அந்தப் பக்கத்து நாடுகளையெல்லாம் சேர்த்து 'அமெரிக்காவின் கொல்லைப்புறம்' என்று ஒரு கட்டுரையில் போட்டிருந்தது. அங்கேயே அவளுக்கு எரிச்சல் மூண்டுவிட்டது. ஒருத்தர் நாடு இன்னொருத்தருக்கு எப்படிக் கொல்லைப்புறமாகும்? அன்றிலிருந்து ஹைட்டி அவளுக்குச் சொந்த நாடாகிவிட்டது.

படித்ததை வீட்டில் யாரிடமாவது சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தாள்.

"அப்பா, ஹைட்டில ஏழைங்க எல்லார் வீட்டுலயும் கறுப்புப் பன்னி இருந்துதாம். ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்னா ஒரு பன்னிய வித்துடுவாளாம். திடீர்னு பன்னிக்கு ஒரு வியாதி வந்துடுத்து. அமெரிக்கா போய், எல்லாப் பன்னியையும் கொன்னுடுங்கோன்னு நின்னு முடிச்சுக் குடுத்துட்டு..."

தோத்தாத்ரி கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவர். சாத்துமுது சாதத்தில் கை வைத்தபடி மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்பிடறச்சே பன்னிதான் கெடச்சுதா நோக்கு?"

"முழுசாக் கேளுங்கோப்பா. அதுக்குப் பதிலா அவா ஊர்லேர்ந்து வெள்ளைப் பன்னியக் குடுத்தா. அதுக்குச் சிமெண்ட்டுத் தரை வேணும், மேல கூரை வேணும், சுத்தமான தண்ணி வேணும், தீனியும் வெளிநாட்டுலேர்ந்து வரணும். அந்த ஜனங்களுக்கே சிமெண்ட்டுத் தரை கெடையாது. அதுக்கு நாலு கால் இளவரசன்னு பேர் வச்சாளாம்."

தோத்தாத்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்புறம்?" என்று கேட்டார். பன்றியில் தொடங்கிய பேச்சு மோர் சாதம் வரைக்கும் போயிற்று.

போட்டியில் நன்றாகச் செய்கிறவர்களுக்கு ஒரு பெரிய பரிசு உண்டு. டெல்லியில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் பெரிய பள்ளி ஒரு அணியை விமானத்தில் அனுப்புகிறது. அதில் ஒரு இடம் 'தோழமைப் பள்ளி'களில் ஒன்றுக்கு. மிருதுளா விமானத்தில் ஏறியதில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் வயிற்றைப் பார்த்தே வளர்ந்தவள். அந்த இடம் அவளுக்கு வேண்டும். வெறியோடு வேண்டும். தெருவில் பாதிப் பேரிடம் டெல்லி போகப்போவதாகச் சொல்லியும் வைத்திருந்தாள்.

காலையில் சபை கூடியதும் வருகைப்பதிவு எடுத்தார்கள். சபைத் தலைவர் ஜெரூஷா, கல்லூரியில் சட்டம் படிக்கிறவள். ஒவ்வொரு நாடாகக் கூப்பிட, பிள்ளைகள் அட்டையைத் தூக்கி "ப்ரெசென்ட்" என்றார்கள். சபையின் மொழி ஆங்கிலம். தமிழ் பேசினால் மதிப்பெண் குறையும். நமக்கு மதிப்பெண் வேண்டாம், நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

"ஹைட்டி?"

"ப்ரெசென்ட் அண்ட் வோட்டிங்!" என்றாள் மிருதுளா, அரங்கம் அதிர.

பக்கத்து இருக்கையில் இருந்த ஸ்டெபின் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் வகுப்புதான். அவனுக்கு டொமினிகன் குடியரசு.

"ஏய், ஏன் அப்படிச் சொன்ன? வெறும் 'ப்ரெசென்ட்'னு சொன்னா, ஓட்டெடுக்கும்போது யெஸ்ஸும் வேணாம் நோவும் வேணாம்னு ஒதுங்கிக்கலாம். 'வோட்டிங்'னு சேத்துச் சொல்லிட்டா ஒதுங்க முடியாது. ரெண்டுல ஒண்ணு சொல்லியே ஆகணும்."

"அப்படியா? நான் அது கெத்தா இருக்குன்னு சொன்னேன்" என்றாள் மிருதுளா. முதல் முறை வருகிறவர்கள் செய்யும் தப்பு அது. பழம்தின்னு கொட்டை போட்டவர்கள் யாரும் செய்யமாட்டார்கள். அவளும் அத்தோடு அதை மறந்துபோனாள்.

ஜெரூஷா அன்றைய விதியைச் சொன்னாள். தலைப்பு ஹைட்டிக்கு உதவி. படை அனுப்பும் விஷயமும் அதில் இருப்பதால், ஹைட்டி 'நோ' சொன்னால் மற்ற எல்லாரும் 'யெஸ்' சொன்னாலும் தீர்மானம் தோற்றுப்போகும். ஹைட்டி ஒதுங்கிக்கொண்டால் ஆட்சேபணை இல்லை என்று பொருள்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தது அமெரிக்கா. அமெரிக்கா என்றால் கேஷவ். பெரிய பள்ளியின் பையன், பார்க்க லட்சணமாக இருப்பான், பேச்சில் தேன் ஒழுகும். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. தனக்கு வேண்டியது கிடைக்காமல் போகும் என்று அவனுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். அவன் தீர்மானத்துக்கு 'ஹைட்டியின் விடியல்' என்று பேர். அமைதி காக்க ஒரு படை வரும். துறைமுகத்தை வெளிநாட்டு நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஐந்து வருஷத்துக்கு அரிசி இலவசம். பதிலுக்கு, வெளிநாட்டு அரிசிக்கு ஹைட்டி வரியே போடக்கூடாது, எந்தக் காலத்திலும்.

அந்தக் கடைசி வரியில் மிருதுளாவின் கண் நின்றது.

பேரம் பேச ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். கேஷவ் சாக்லேட் பெட்டியோடு ஒவ்வொரு மேசையாகப் போனான். கோஸ்டா ரிகா கையெழுத்துப் போட்டது, கனடா போட்டது, ஸ்டெபின் இரண்டு சாக்லேட்டுக்குப் போட்டான். கடைசியாகக் கேஷவ் இவளிடம் வந்தான்.

"ஹாய் ஹைட்டி! உனக்காகத்தான் எல்லாமே. ஒரு சைன் மட்டும்."

"அரிசிக்கு வரி போடக்கூடாதுங்கறத எடுத்துடு. மீதிய நான் யோசிக்கறேன்."

"ஃப்ரீ ரைஸ் யா! ஃப்ரீயா குடுத்தா யாராவது வேணாம்னு சொல்லுவாங்களா?"

"ஃப்ரீ அஞ்சு வருஷம். வரி எப்பவும் கெடையாது. அஞ்சு வருஷத்துல அவங்க ஊர்ல வெதைக்கறவனே இருக்கமாட்டான். ஆறாவது வருஷம் நீ சொல்றதுதான் வெல. இது ஏற்கெனவே நடந்திருக்கு, கேஷவ். அவங்களுக்கு வேண்டிய அரிசிய அவங்களே வெளைச்சிட்டு இருந்தாங்க. வரியக் கொறைக்க வச்சு, உங்க ஊர் அரிசி வந்து எறங்கி, விவசாயமே போச்சு. உங்க முன்னாள் அதிபரே அது தப்புன்னு சொல்லியிருக்கார்."

"எங்க ஊரா? நான் நாவலூர் யா" என்று சிரித்தான் கேஷவ். பிறகு மேசையில் கையூன்றிக் குனிந்தான். "இத பாரு, எல்லாரும் சைன் பண்ணியாச்சு. இப்ப அந்த லைன மாத்தினா திரும்ப எல்லார்கிட்டயும் போகணும். டெல்லி டீம்ல ஒரு ஸீட் உங்கள மாதிரி ஸ்கூலுக்குத்தான். யாருன்னு எங்க பிரின்ஸிபல் மேடம் என்னைத்தான் கேப்பாங்க. நான் உன் பேரச் சொல்றேன். டீல்?"

டெல்லி! பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். எடுத்தவள், தீர்மானத்தை இன்னொரு தரம் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இத எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"உன்கிட்டயா?"

"ஹைட்டிகிட்ட."

"ஹைட்டிய யாரு கேட்டா?" என்றான் கேஷவ். திமிராகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

மிருதுளா பேனாவை மூடி வைத்தாள். காது மடல் இரண்டும் சுட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் ஜெயகிருஷ்ணன் சார் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். சேலையூர்ப் பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியர், பிள்ளைகளை அழைத்து வந்தவர். நல்ல மனிதர்தான். பெரிய பள்ளியின் மேடம் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிரியாணித் தட்டு கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"மிருதுளா, இங்க வாம்மா. அந்தப் பையன் கேக்கற கையெழுத்த ஏன் போடமாட்டேங்கற?"

"ஹைட்டிக்கு அது நல்லது இல்ல சார்."

"நாம வந்த பஸ் யாருது தெரியுமா? இவங்க குடுத்த பஸ். நம்ம ஸ்மார்ட் போர்டு இவங்க குடுத்தது. அடுத்த மாசம் லேப் வேற குடுக்கறாங்க. கரெஸ்பாண்டென்ட் போன் பண்ணி என்னைத்தான் கேப்பார். ஒரு சின்னக் கையெழுத்து, அதுக்குப் போயி..."

"குடுக்கறவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டணுமா சார்?"

"ஏம்மா, நீ நியாயம் பேசறியா, போட்டிக்கு வந்தியா? ரூல் தெரியும்ல? உன் சொந்தக் கருத்து இங்க செல்லாது. அந்த நாட்டோட வெளியுறவுக் கொள்கைய ஒட்டித்தான் பேசணும். நிஜ ஹைட்டி என்ன பண்ணியிருக்கும்? சைன் பண்ணியிருக்கும். இல்லாதவன் நீட்டின எடத்துல போட்டுத்தான் ஆகணும்."

இது குத்தியது. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. நிஜ ஹைட்டி அரிசி வரியைக் குறைக்கச் சம்மதித்ததுதான். நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டிருந்த அதிபரை அமெரிக்கப் படை கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்த கொஞ்ச காலத்தில் வந்த சம்மதம் அது. அப்படி உட்கார்ந்தவரால் எதை மறுக்க முடியும்? இதையெல்லாம் சாரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகை இல்லை, ஆத்திரம்.

சாருக்கு அவளைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி, கையெழுத்துப் போட வேணாம். ஓட்டெடுக்கும்போது ஒதுங்கிக்கோ. நீ யெஸ் சொன்ன மாதிரியும் இல்ல, நோ சொன்ன மாதிரியும் இல்ல. அவங்களுக்குத் தீர்மானம் பாஸ் ஆகும், உனக்கு டெல்லி, எனக்கு நிம்மதி. பாம்பும் சாகணும், கோலும் முறியக்கூடாது. என்ன?"

 மீனம்பாக்கத்து விமானங்களின் வயிறு அவள் கண்முன் வந்து போயிற்று. சரி என்று தலையாட்டினாள். ஆமாம், ஆட்டினாள். ஒரு நாள் முழுக்க எல்லாரும் சேர்ந்து அழுத்தினால் பதினாறு வயசுத் தலை எவ்வளவு நேரம்தான் நிமிர்ந்து நிற்கும்?

மத்தியானம் ஓட்டெடுப்பு. அர்ஜென்டினா யெஸ். பிரேசில் யெஸ். கனடா யெஸ். கேஷவ் நாற்காலியில் சாய்ந்து டையைத் தளர்த்திக்கொண்டான்.

"டொமினிகன் குடியரசு?"

"யெஸ்" என்றான் ஸ்டெபின், சாக்லேட் வாயோடு.

"ஹைட்டி?"

மிருதுளா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒதுங்கிக்கறேன்."

ஜெரூஷா காலையில் எடுத்த பதிவைப் பார்த்தாள். "மன்னிக்கணும். ஹைட்டி 'ப்ரெசென்ட் அண்ட் வோட்டிங்'னு சொல்லியிருக்கு. ஒதுங்க முடியாது. யெஸ் ஆர் நோ?"

அரங்கத்தில் குபீரென்று சிரிப்பு. "ரூல்கூடத் தெரியல!" என்று பின்வரிசையில் ஒரு குரல். மிருதுளாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வாசலில் நின்ற ஜெயகிருஷ்ணன் சார் 'யெஸ், யெஸ்' என்று உதட்டை அசைத்தார். கேஷவ் இவள் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் புன்னகைத்தான். அந்தப் புன்னகையில் சந்தேகமே இல்லை. இவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது இவளைக் கேட்காமலே அவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் புன்னகைதான் காரியத்தைக் கெடுத்தது. அல்லது காரியத்தைச் செய்தது.

அவள் எழுந்து நின்றாள். "நோ."

சிரிப்பு நின்றுபோயிற்று.

"நோ. ஏன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் உரிமை இருக்கு. அந்த ரூல் எனக்குத் தெரியும்."

ஜெரூஷா தலையசைத்தாள். மிருதுளா எழுதிவைத்த எதையும் எடுக்கவில்லை.

"எங்கள் பன்றியைக் கொன்றுவிட்டு உங்கள் பன்றியைக் கொடுத்தீர்கள். அது எங்கள் வீட்டைவிட நல்ல வீடு கேட்டது. எங்கள் அரிசியை ஒழித்துவிட்டு உங்கள் அரிசியைக் கொடுத்தீர்கள். இப்போது எங்கள் துறைமுகத்தை எடுத்துக்கொண்டு எங்களுக்கு விடியலைக் கொடுக்கிறீர்கள். எங்களுக்குப் பசி இருக்கிறது. சண்டை இருக்கிறது. உதவி வேண்டும். ஆனால் எந்த உதவி என்று சொல்ல எங்களுக்கும் வாய் இருக்கிறது. அந்த வாய்க்குச் சாக்லேட் கொடுத்து அடைக்க வேண்டாம். காலையிலிருந்து இந்த அரங்கத்தில் எல்லாரும் ஹைட்டியைப் பற்றிப் பேசினீர்கள். ஹைட்டியோடு ஒருவரும் பேசவில்லை. அதனால் நோ."

உட்கார்ந்தாள்.  தீர்மானம் தோற்றது என்று ஜெரூஷா அறிவித்தாள்.

கலையும்போது கேஷவ் அவளை மறித்தான். முகத்தில் தேன் வற்றியிருந்தது. "டெல்லி போச்சு. சந்தோஷமா?"

"டெல்லி எங்கயும் போகாது, கேஷவ். அங்கயேதான் இருக்கும். நான் டிக்கெட் எடுத்துப் போய்க்கறேன்."

சொல்லிவிட்டாள். ஆனால் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவியபோது டெல்லி நிஜமாகவே வலித்தது.

சாயங்காலம் நிறைவு விழா. பெற்றோர்கள் வந்து நிறைந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர், பல நாடுகளில் இந்தியாவின் தூதராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை முடி, நல்ல சிரிப்பு. பெரிய பள்ளியின் மேடம் மைக்கைப் பிடித்தார். முன்கூட்டியே அச்சடித்து வந்த செய்திக் குறிப்பை அப்படியே வாசித்தார். எங்கள் மாணவர் கேஷவ் கொண்டுவந்த 'ஹைட்டியின் விடியல்' தீர்மானம், ஹைட்டியின் முழுச் சம்மதத்தோடு, ஒருமனதாக நிறைவேறியது.

கைதட்டல் எழுந்தது. மிருதுளா ஒரு கணம் தன் காதையே நம்பவில்லை. சம்மதம் கேட்டார்கள், இல்லை என்றாள், இப்போது சம்மதித்தாள் என்கிறார்கள்! மதியம் கேட்கவாவது கேட்டார்கள். இப்போது அதுவும் இல்லை.

ஹைட்டி என்று எழுதிய அட்டை மடியில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"பாயிண்ட் ஆஃப் ஆர்டர்! தீர்மானம் நிறைவேறல. ஹைட்டி நோ சொல்லிச்சு."

முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. மேடம் காதில் விழாததுபோல அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அப்போது பக்கவாட்டுச் சுவரோரம் நின்றிருந்த சவுண்டு சர்வீஸ்காரர், நாற்பது வயசு ஆள், அவளிடம் ஒரு மைக்கை நீட்டினார்.

"இத்துல பேசும்மா. பின்னாடி குந்திகினு கீறவங்களுக்கு ஒண்ணும் கேக்கல."

அவள் மைக்கில் திரும்பச் சொன்னாள். இந்த முறை கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஜெயகிருஷ்ணன் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

தூதர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "யார் இந்தச் சபையோட தலைவர்? அந்தப் பொண்ணு சொல்றது வாஸ்தவமா?"

ஜெரூஷா மேடத்தைப் பார்த்தாள். அன்றைக்குத் தலைமை தாங்க அவளைக் கூப்பிட்டதும் மேடம்தான், இனிமேல் கூப்பிடப்போவதும் கூப்பிடாததும் மேடம்தான். பதிவுத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாஸ்தவம்தான் சார். ஹைட்டி நோ சொன்னாங்க. தீர்மானம் ஃபெயில்."

அரங்கத்தில் சலசலப்பு. மேடத்தின் சிரிப்பு உதட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. தூதர் சூழ்நிலையைச் சமாளித்துப் பழக்கப்பட்டவர். எத்தனையோ நாடுகளில் எத்தனையோ கோபங்களை இதமாகப் பேசிக் கரைத்தவர். மைக்கை வாங்கி அன்பாகவே பேசினார்.

"குழந்தே, பிரமாதம். நீ பெரிய ஆளா வருவே. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அப்பா அம்மால்லாம் வந்திருக்கா, போட்டோ எடுக்கணும், எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போகணும். இது ஒரு விளையாட்டுதானே? விட்டுக் குடுத்து, இப்ப யெஸ்ஸுன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். என்ன குறைஞ்சுடப்போறது?"

சிலர் கைதட்டினார்கள். அந்தப் பெரியவர் கேட்டால் யாருக்கும் மறுக்கத் தோன்றாது. அவ்வளவு இனிமை.

மிருதுளா மைக்கை இன்னும் கையில்தான் வைத்திருந்தாள்.

"சார், விளையாட்டுலகூட அவங்கள நோ சொல்ல விடமாட்டீங்கன்னா, நிஜத்துல எப்ப சார் விடுவீங்க?"

தூதர் மைக்கை மேடத்திடம் திருப்பிக் கொடுத்தார்.   உட்கார், உட்கார் என்று நாலு பக்கத்திலிருந்தும் கை காட்டினார்கள். அவள் அட்டையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.